ராடு கணக்கில் போன ஒரு வருஷம்

பயணம் என்றதும் பலரும் மலை, கடல், விமானம் என்று சொல்வார்கள். நான் ஊர் சுற்றியது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. போர் வண்டியோடு மத்தியப் பிரதேசமோ ராஜஸ்தானோ போய் வந்த ஆள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரிக் என்றால் இரண்டு லாரி. ஒன்றில் துளை போடும் எந்திரமும் கம்ப்ரசரும் இருக்கும். இன்னொன்று சப்போர்ட் வண்டி. துளைக்குள் ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் ராடு, மண் சரியாமல் இருக்க வைக்கும் கேசிங் பைப், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு, பாய் எல்லாம் அதில்தான். வடக்கே மழை முடிந்ததும் கிளம்பினால், அடுத்த மழை பிடிக்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் போய்விடும்.

நான் 2017இல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். மாமா வண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் கல்யாணம் ஆகி நின்றுவிட்டார். "இவனைக் கூட்டிட்டுப் போறேன்" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை.

அது 2018 ஆகஸ்ட். மேட்டூர் அணை ஜூலையிலேயே 120 அடி நிரம்பி, ஆகஸ்டில் இரண்டு லட்சம் கனஅடி வரைக்கும் திறந்துவிட்டார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளிபாளையத்துப் பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், கேட்டது: "இங்கே ஊட்டுக்குள்ள தண்ணி நிக்குது. நீ எந்தச் சீமைக்குத் தண்ணி தேடிப் போறே?" விநாயகர் சதுர்த்தி கழிந்து கிளம்பினோம்.

சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர். நாலாம் நாள்தான் மத்தியப் பிரதேசத்துச் சிவனிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரிக் வண்டி ஆடி அசைந்துதான் போகும். மேட்டில் மாட்டு வண்டி முந்திவிடுமோ என்று தோன்றும். வழியில் பெஞ்ச் புலிக் காட்டுக்குள் விலங்குகள் அடியில் போய்வர வசதியாகச் சாலையைத் தூக்கிக் கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. புலி வரும் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனேன். குரங்குதான் வந்தது.

என் வேலை ராடு எண்ணுவது. ஒரு ராடு 20 அடி. ஒவ்வொன்று இறங்கும்போதும் நோட்டில் ஒரு கோடு. அடிக் கணக்கில்தான் காசு என்பதால் தோட்டத்துச் சொந்தக்காரரும் பக்கத்தில் நின்று குச்சியால் தரையில் கோடு போடுவார். நடுராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு பேர் கோடும் ஒன்றாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி.

துளையிலிருந்து வெளியே வரும் கல்மாவின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது மாமா. நம் ஊர்ப் பாறை சாம்பலும் வெள்ளையுமாக வரும். சிவனிப் பக்கம் கறுப்பு. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி ஆறிய கல் அது. ஒரு அடுக்கு ஆறி, அடுத்தது அதன் மேல் வருவதற்குள் உண்டான மண் நடுவில் சிவப்புப் பட்டையாக மாட்டிக்கொண்டு இருக்கும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மாமா சொன்னது இவ்வளவுதான்: "செவப்பு வந்துதுன்னா சோத்தைக் கூட வெச்சுட்டு எந்திரிச்சு வா." அந்தப் பட்டை சரிந்தால் பாறையை உடைக்கும் ஹேமர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை சிக்கியது. மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாமா யாரிடமும் பேசவில்லை, சவரமும் செய்துகொள்ளவில்லை.

நான் சொல்ல வந்த ஆள் இவர்களில் யாரும் இல்லை. அக்டோபர் கடைசியில் ஒரு விவசாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோதுமை விதைக்கத் தண்ணீர் வேண்டும். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார். ஓர் இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. எங்கள் ஊரிலும் இதே கூத்துதான், இதே தேங்காய்தான். இன்ஜினியரிங் படித்தவன் என்ற திமிரில் ஓரமாக நின்று சிரித்தேன். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஊதுபத்தி ஏற்றி ஆரம்பித்தோம்.

பத்து ராடு, வெறும் புகை. பதினைந்து, அதே புகை. பதினெட்டாவது ராடில் மாவு ஈரமாக வந்தது. அந்த மனிதர் குனிந்து அதைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். இருபத்தொன்றில் நிறுத்தினோம். 420 அடி. போரில் வரும் தண்ணீரை இஞ்ச் கணக்கில்தான் சொல்வோம். இதில் அரை இஞ்ச் கூட இல்லை. கோதுமைக்குக் காணாது, வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் துணி முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணினார். பத்து ரூபாய் நோட்டுக் கட்டெல்லாம் இருந்தது. மாமா இரண்டு ராடு காசைத் தள்ளிக்கொடுத்தார். தண்ணீர் இல்லாத போருக்குக் காசு வாங்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வேறு இடத்துக்குப் போகும் வழியில் பறக்கும் படை மறித்தது. மத்தியப் பிரதேசத்தில் அப்போது சட்டசபைத் தேர்தல், நவம்பர் 28 ஓட்டு. கையில் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். என்னிடம் இரண்டு போர்ப் பணம், 1,60,000 ரூபாய். கணக்கு இருக்கிறது, ஆனால் மொத்த நோட்டும் தமிழில்! அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கோடுகள், நடுவில் புரியாத எழுத்து. இது என்ன ரகசியக் கணக்கு என்கிறார். ராடு என்கிறேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுக்கத் தண்ணீரும் பாறையும் சாப்பாடும்தான். எங்கள் ஹெல்பர் சோட்டு குறுக்கே வந்து பேச, அவனையும் அதட்டி உட்காரவைத்தார்கள்.

வேறு வழி தெரியாமல் அந்த விவசாயிக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். காதைச் சுற்றித் துண்டு, கையில் அவருடைய நிலப் புத்தகம். அதிகாரியிடம் அவர் சொன்னதைச் சோட்டு அப்புறம் எனக்குத் தமிழில் சொன்னான்: "என் வயல்ல தண்ணி வரல, அது நெஜம். இவங்க ராத்திரி பூரா தோண்டுனாங்க, அதுவும் நெஜம். காசு நான் குடுத்தது." நோட்டில் அன்றைய பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணிக் காட்டினார். இருபத்தொன்று. அவருக்கும் தமிழ் தெரியாது, கோடு தெரியும். போர் போட்ட இன்னொரு விவசாயியையும் போனில் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பேச இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. கிளம்பும்போது அவர் வண்டியில் மாட்டியிருந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சீத்தாப்பழம். சிவனிச் சீத்தாப்பழத்துக்குப் பெரிய பேர். ஒவ்வொன்றும் இரண்டு கை கொள்ளும் அளவு. அதற்கப்புறம் தேதி, இடம், அடி மூன்றையும் இந்தியிலும் எழுதப் பழகிக்கொண்டேன். எழுத்துச் சொல்லிக்கொடுத்தது சோட்டு.

சோட்டு என்பது எல்லோரும் கூப்பிடுகிற பேர். சொந்தப் பேர் வேண்டாம். ஜார்க்கண்ட், ராஞ்சியிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். பத்தொன்பது வயது. எங்கள் வண்டிகளில் இப்போது பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துப் பையன்கள்தான். அவன் தமிழ் முழுக்க ரிக் தமிழ். "ராடு போடு", "ஆயில் பாரு", "சோறு ஆச்சா" இவ்வளவை வைத்துக்கொண்டே காதல் கதை வரைக்கும் சொல்லிவிடுவான். மரியாதை விகுதி மட்டும் கடைசி வரை வரவில்லை. மாமாவையே "வா, போ" என்றுதான் பேசுவான். மாமா முதலில் முறைத்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

குளிர்காலம், கோடை எல்லாம் ஒரே மாதிரிப் போயின. ஜூலை தொடக்கத்தில் மழை பிடித்ததும் வண்டியைத் திருப்பினோம். வண்டி வேலைக்கு ஒரு கை வேண்டும் என்று சோட்டுவையும் கூட்டிவந்தோம்.

வீட்டுக்கு வந்த கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. "கறுத்துட்டே" என்று அம்மா அழுதார். மூன்று நாள் தூங்கினேன். அந்த வருஷம் மழை தாமதம். சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக்குப் போனால், போன வருஷம் பாலத்தை இடித்துக்கொண்டு ஓடிய ஆற்றில் பாறை பாறையாகத் தெரிகிறது. அதிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றினார்கள். முளைப்பாரித் தட்டோடு பெண்கள் படி இறங்கினார்கள்.

அதைப் பார்த்ததும் சோட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணா! ஜாவா! ஜாவா!" எனக்குப் புரியவில்லை. ஒரு பாட்டியின் தட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, வெளிறிய மஞ்சள் தண்டுகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றான். அவர்கள் ஊரில் புரட்டாசிக்குக் கிட்டத்தில் கரம் பண்டிகை வரும். அதற்குக் கன்னிப்பெண்கள் கூடையில் ஆற்று மணலைப் போட்டுத் தானியம் முளைக்கவைப்பார்களாம். அதற்குப் பேர் ஜாவா. தங்கைதான் வைப்பாள், இரண்டு வருஷமாக அவன் பார்க்கவில்லை. இதைச் சொல்லி முடித்தபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்கூட்லயும் இருக்குது கண்ணு, கொஞ்சம் தானியம் கட்டித் தர்றேன்" என்று அம்மா சொன்னார். ஒரு வருஷம் அவனோடு ஒரே பாயில் படுத்தவன் நான். அவனுக்குத் தங்கை இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஆகஸ்ட் 13 மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் எங்கள் பக்கம் வந்ததும் சோட்டுவைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எத்தனை இஞ்ச் அண்ணா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அந்த வாரமே ஈரோட்டில் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். பொதுப்பெட்டி, கதவோரம்தான் இடம் கிடைத்தது. பையில் அம்மா கட்டிக்கொடுத்த நவதானியப் பொட்டலம். அடுத்த சீசனுக்கு அவன் வேறு வண்டியில் போனான். நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் கரம் அன்றைக்கு ஒரு படம் அனுப்பினான். மூங்கில் கூடை, மணல், விரல் நீளத்துக்கு முளை. ஒரு பக்கம் மட்டும் மொட்டை. கீழே அவன் குரலில் பதிவு: "அம்மாட்ட சொல்லு. எல்லாம் வந்துச்சு. தட்டப்பயறு மட்டும் வரல." அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "அது போன வருஷத்துப் பயறுடா. அப்பவே நெனச்சேன்" என்றார்.