இரண்டு பைக், 12 நாள், 3,200 கி.மீ.: கிளம்புறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

நெடுஞ்சாலை150:
நானும் நண்பரும் அடுத்த மாசம் கிளம்புறோம். மொத்தம் 3,200 கி.மீ., கையில 12 நாள். என்னோடது 150 சிசி, அலாய் வீல், டியூப்லெஸ், 18,000 ஓடியிருக்கு. செயின் இன்னும் கம்பெனியில வந்ததுதான். அவரோடது 350 சிசி, ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர். ஆளுக்கு ஒரு பைக், பின்னாடி லக்கேஜ் மட்டும். கிளம்புறதுக்கு முதல் நாள் ரெண்டையும் சர்வீஸ் விட்டா போதுமா? என்னென்ன ஸ்பேர் வேணும்? சிசி வித்தியாசத்தால சேர்ந்து ஓட்டுறதுல சிக்கல் வருமா?

பழைய_ஸ்பேனர்:
முதல் நாள் சர்வீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். சர்வீஸ்ல கை வெச்ச இடத்துலதான் அடுத்த கோளாறு முளைக்கும். சரியா முறுக்காத டிரெயின் போல்ட், மாட்ட மறந்த கிளிப், காத்து முழுசா எடுக்காத பிரேக் லைன். இதெல்லாம் முதல் 200, 300 கி.மீ.க்குள்ள தெரிஞ்சிடும். அதனால பத்து நாள் முன்னாடியே விட்டு, வழக்கம்போல ஓட்டிப் பாருங்க. பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா அதையும் மாத்தச் சொல்லுங்க. அது ஈரத்தை உறிஞ்சும்; மலை இறக்கத்துல சூடாகும்போது கொதிச்சு, லிவர் பொசுக்குன்னு உள்ள போயிடும்.

உங்க பைக்ல எனக்குச் சந்தேகம் செயின் மேலதான். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மெதுவா சுத்திக்கிட்டே ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடுற பல் சக்கரம்) நடுவுல கீழ்ச் செயினை விரலால மேலயும் கீழயும் அசைச்சு, அது நகர்ற தூரத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. ஒரே இடத்துல அளந்துட்டு விட்டுடாதீங்க. நாலஞ்சு இடத்துல பார்த்து, எங்க ரொம்ப இறுக்கமா இருக்கோ அந்த இடத்துலதான் அட்ஜஸ்ட் பண்ணணும். இந்த மாதிரி பைக்குக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்களோடதுக்கு எவ்வளவுன்னு மேனுவல்லயோ ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற ஆர்ம்) ஸ்டிக்கர்லயோ போட்டிருக்கும். லோடு ஏறினா ஸ்விங்ஆர்ம் மேல வரும், செயின் இன்னும் இறுகும். அதனால 'டைட்டா வெச்சா நல்லது'ன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கும் ஆயில் சீலும்தான் அடி வாங்கும்.

அட்ஜஸ்ட் பண்ணும்போது ஆக்சில் நட்டை லூஸ் பண்ணி, ரெண்டு பக்கத்தையும் ஒரே அளவு, கால் சுத்து கால் சுத்தா திருப்புங்க. நட்டை முறுக்கினதும் திரும்ப அளக்கணும், முறுக்கும்போது அளவு மாறும். செயினுக்கு லூப் (லூப்ரிகன்ட் ஸ்ப்ரே) 500 கி.மீ.க்கு ஒரு தடவை, மழையில ஓட்டினா அன்னைக்கே. காலையில அடிச்சுட்டுக் கிளம்பினா பாதி டயர்ல தெறிக்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்தினதும், செயின் சூடா இருக்கும்போது அடிச்சா ராத்திரியில உள்ள இறங்கும். ஓ-ரிங் செயின்னா (கண்ணிகளுக்கு நடுவுல ரப்பர் வளையம் இருக்குறது) பெட்ரோல் போட்டுத் துடைக்காதீங்க, ரப்பர் கெட்டுடும். மண்ணெண்ணெய் போதும்.

மெதுவா_போ:
12 நாளும் ஓட்டுற மாதிரி கணக்குப் போடாதீங்க. ரெண்டு நாள் சும்மா விட்டா மிச்சம் 10, அதாவது நாளைக்கு 320 கி.மீ. மீட்டர் 80 காட்டினாலும் நிறுத்தம், பெட்ரோல், ஊர்களுக்குள்ள ஊர்றது எல்லாம் சேர்த்தா சராசரி 45க்கு மேல போறது கஷ்டம். ஆக, ஏழு மணி நேரம். வெளிச்சம் வந்ததும் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள தாராளமா முடியும்.

பெட்ரோல்ல உங்களை இழுத்துப் பிடிக்கப் போறது 150 இல்லை, 350தான். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 33ன்னு வெச்சா 429 வருது. ரிசர்வை ஒதுக்கிட்டா நம்பக்கூடியது 330. ரெண்டு பேரும் 250ல சேர்ந்தே நிரப்பிடுங்க, ஒருத்தருக்குப் பாதி டேங்க் இருந்தாலும் சரி. தனித்தனியா நிரப்ப ஆரம்பிச்சா நிறுத்தம் இரட்டிப்பாகும், சண்டையும்தான்.

ஓட்டுறதுல: சின்ன வண்டி முன்னாடி. பெரிய வண்டி முன்னாடி போனா, பின்னாடி வர்றவர் ஏத்தத்துல விட்ட தூரத்தைப் பிடிக்கத் திருப்பத்துல வேகம் கூட்டுவார். தப்பு அங்கதான் நடக்கும். முன்னாடி போறவர் லேன்ல ரோட்டு நடுப்பக்கம், பின்னாடி வர்றவர் ஓரப்பக்கம், இடையில ரெண்டு செகண்ட். 80ல அது 44 மீட்டர். ஒட்டி வந்தா, முன் வண்டி தாண்டின பள்ளம் உங்க முன் சக்கரத்துக்கு ரெண்டடி முன்னாடிதான் கண்ணுல படும். வளைவுல இந்தக் குறுக்கு வரிசை வேண்டாம், நேர் வரிசையா வந்து இடைவெளியைக் கூட்டுங்க.

ஓவர்டேக் அவங்கவங்க பார்த்து, அவங்கவங்க முடிவு. அவருக்குக் கிடைச்ச இடைவெளி உங்களுக்குக் கிடையாது. முந்தினவர் உடனே வேகத்தைக் குறைக்கக் கூடாது, பின்னாடி வர்றவர் உள்ள வர இடம் விடணும். கண்ணாடியில பின்னாடி வண்டி தெரியாம எந்தத் திருப்பத்துலயும் திரும்பக் கூடாது. இந்த ஒண்ணைக் கடைப்பிடிச்சா இன்டர்காம் இல்லாமலே போகலாம்.

ஸ்போக்ஸ்_வீல்:
நண்பரோட டயரைப் பத்தி யாரும் பேசலையே! டியூப்லெஸ்ல ஆணி ஏறினா ஓட்டையில பங்சர் பிளக் (ரப்பர் திரி) சொருகி, வெளிய நீட்டினதை 3, 4 மி.மீ. விட்டு வெட்டி, காத்தடிச்சுப் போயிடலாம் (பக்கச் சுவர்ல ஓட்டைன்னா பிளக் நிக்காது, டயரைத்தான் மாத்தணும்). டியூப் டயர்ல சக்கரத்தையே கழட்டணும். ஆக்சில் நட் சைஸுக்கு ஸ்பேனர், மூணு டயர் லிவர், பம்ப், பேட்ச் செட், ரெண்டு டியூப். இடம் இல்லைன்னா முன் டியூப் மட்டும்: முன்னாடி 19, பின்னாடி 18 இஞ்ச்னா, முன் டியூபைப் பின்னாடி போட்டு அடுத்த ஊர் வரைக்கும் சமாளிக்கலாம். 18ஐ 19ல இழுத்து மாட்டாதீங்க.

பழைய டியூபை எடுத்ததும் டயருக்குள்ள ஒரு துணியை ஓட்டுங்க. ஆணி இன்னும் அங்கேயே இருந்தா துணி மாட்டும். வெறும் கையை விட்டா கை கிழியும். புது டியூபுக்கு, வடிவம் வர்ற அளவுக்குக் கொஞ்சம் காத்து. டயரை மவுத்துக்கு (காத்தடிக்கிற வால்வு) எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு மவுத்து கிட்ட முடிங்க. கடைசி இடத்துல மவுத்தை உள்ள தள்ளி டியூபை லிவர்ல இருந்து விலக்கலாம். ரோட்டோரத்துல புது டியூப் ஓட்டையாகுறது பெரும்பாலும் இந்தக் கடைசி நாலு இஞ்ச்லதான். வீட்டுலயே ஒரு தடவை முழுசா கழட்டி மாட்டிப் பாருங்க, ரெண்டு பேரும் சேர்ந்து.

கிளட்ச்_வயர்:
ஸ்பேர் பட்டியல் நீளமாப் போடுறது வீண். கிளட்ச் வயர், ஆக்சிலேட்டர் வயர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், ரெண்டு மூணு சைஸ் கேபிள் டை, செயின் லாக் (செயினோட ரெண்டு முனையையும் இணைக்கிற கண்ணி) போதும். வயர்ல ஒரு விஷயம்: புதுசை இப்பவே மாட்டிட்டு, நல்லா ஓடிக்கிட்டிருந்த பழசைப் பையில வைங்க. புதுசு சரியான நீளமான்னு வீட்டுலயே தெரிஞ்சிடும். செயின் லாக் மாட்டும்போது கிளிப்போட திறந்த வாய், செயின் ஓடுற திசைக்குப் பின்பக்கம் பார்க்கணும். மாத்தி மாட்டினா எதுலயாவது இடிச்சுக் கழண்டுடும்.

லக்கேஜ்ல கனமானதைக் கீழ, சீட்டை ஒட்டி வைங்க. பின் ஆக்சிலுக்குப் பின்னாடி தொங்கவிட்டா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கட்டின வாரோட மிச்ச நுனியை மடிச்சு டேப் ஒட்டணும். காத்துல பறந்து செயின்ல சிக்கினா பின் சக்கரமே லாக் ஆயிடும். லோடு ஏத்தின பிறகு ஹெட்லைட்டைச் சுவர்ல அடிச்சுப் பாருங்க. பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேல போயிருக்கும். முதல்ல பின் ஸ்பிரிங் பிரீலோடை (ஸ்பிரிங்கோட ஆரம்ப இறுக்கம்) கூட்டுங்க, அப்புறம் லைட்டைக் கீழ இறக்குங்க.

நெடுஞ்சாலை150:
செயினை அளந்தேன். ஒரு இடத்துல 22 மி.மீ., சக்கரத்தைச் சுத்தினா இன்னொரு இடத்துல 45. பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசியில செயினைப் பிடிச்சு இழுத்தா பாதிப் பல் தெரியுது. அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிடலாமா?

பழைய_ஸ்பேனர்:
முடியாது. ஒரு பக்கம் நீண்டுடுச்சு. லூஸ் இடத்துக்குச் சரி பண்ணினா இறுக்கமான இடம் கம்பி மாதிரி ஆகும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் சேர்த்தே மாத்துங்க. தேய்ஞ்ச பல்லுல புதுச் செயின் போட்டா அதுவும் சீக்கிரமே போயிடும். இந்த வாரமே மாத்துங்க. புதுச் செயின் ஆரம்பத்துல கொஞ்சம் இளகும், 300 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிட்டுக் கிளம்புங்க.