எடை குறைந்த சூரிய எதிரொளிப்பான்கள்: சிங்கப்பூர் வெயிலில் நாங்கள் கண்டவை

உட்லண்ட்ஸ் உறுப்பினர்:

எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் தண்ணீர் சூடாக்குவதற்காக, என் அண்ணன் மகளும் நானும் மலிவான எதிரொளிப்பான் ஒன்றைச் செய்து பார்த்தோம். அவள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. பரவளையக் கிண்ணம், அதாவது ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும்படி வளைந்த கண்ணாடிக் கிண்ணம், சூரியனிலிருந்து நேராக வரும் கதிர்களை மட்டுமே அந்தப் புள்ளியில் (குவியத்தில்) சேர்க்கும். சிங்கப்பூரிலோ, ஓராண்டில் தரையை அடையும் சூரிய ஆற்றலில் பாதிக்கு மேல் மேகத்தாலும் ஈரக்காற்றாலும் சிதறடிக்கப்பட்ட ஒளியாகவே வருகிறது. தரையில் நம் நிழலின் விளிம்பு மங்கலாக இருந்தால் கிண்ணத்தால் பெரிய பயன் கிடைக்காது என்பதைக் கருவி எதுவும் இல்லாமலே கண்டுகொண்டோம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 60 மெகாவாட் மிதவைச் சூரியத் தகடுகள் சிதறிய ஒளியையும் மின்சாரமாக்கும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே 'எவ்வளவு அதிகமாகக் குவிக்கலாம்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எவ்வளவு குறைவாகக் குவித்தால் போதும்' என்று கேட்கத் தொடங்கினோம். கூட்டுப் பரவளையத் தொட்டி என்பது, எதிரெதிராக நிற்கும் இரு பரவளையச் சுவர்கள் ஒளியை அடியில் உள்ள தகட்டுக்கு அனுப்பும் நீண்ட தொட்டி. அதன் அரைக்கோணம் 30 பாகை என்றால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை வரை சாய்ந்து வரும் ஒளியை அது ஏற்கும். அத்தகைய தொட்டி ஒளியை இரு மடங்கு மட்டுமே குவிக்கும். ஆனால் சிதறிய ஒளியிலும் ஏறத்தாழப் பாதியை ஏற்றுக்கொள்ளும், சூரியனைத் தொடர்ந்து திருப்ப வேண்டியதும் இல்லை. இங்கே நண்பகல் சூரியன் ஜூனில் தலைக்கு வடக்கே ஏறக்குறைய 22 பாகையிலும் டிசம்பரில் தெற்கே 25 பாகையிலும் நிற்கிறது. எனவே தொட்டியைக் கிழக்கு மேற்காகக் கிடத்தினால், அந்த இரண்டு மாதங்களில்கூட உச்சிவேளைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒளி உள்ளே விழும். உச்சிவேளை என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரு மணி என்பதை மறந்துவிடக் கூடாது. அடியில் 20 செ.மீ. அகலக் கறுப்புத் தகடு வைத்தால் வாய் 40 செ.மீ. அகலமும் தொட்டி 52 செ.மீ. உயரமும் வரும். மேல்விளிம்பை ஒட்டிய பகுதி கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்பதால், அதை வெட்டிவிட்டாலும் குவிப்பு சிறிதளவே குறைகிறது. பொருளோ நிறைய மிச்சமாகிறது.

ஜூரோங் உறுப்பினர்:

உட்லண்ட்ஸ் அக்காவின் கணக்கு சரியானது. நான் உலோகப் பட்டறையில் வேலை செய்பவன். எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ இருக்கும். அலுமினியம் பூசிய 50 மைக்ரான் (0.05 மி.மீ.) பாலியெஸ்டர் படலம் அதே பரப்புக்கு 70 கிராம்தான். இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் செலவு தீர்ந்தது என்று எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் காற்றுக்குப் படலத்தின் எடை தெரியாது. சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வீசும்போது, அதற்கு நேராக நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 24 கிலோ எடைக்கு இணையான விசை விழுகிறது. அதைத் தாங்குவது படலமன்று, அதன் முதுகும் (படலம் ஒட்டப்படும் பின்பலகையும்) சட்டமுமே. என் கருத்தில், மலிவான எதிரொளிப்பானின் வடிவமைப்பு முதுகில்தான் தொடங்க வேண்டும்.

முதுகு விறைப்பாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரப்பு 1 பாகை வளைந்தால் எதிரொளித்த கதிர் 2 பாகை விலகும். ஒரு மீட்டர் தொலைவில் அது 3.5 செ.மீ. பிசகு. சூரியனின் பிம்பமோ அத்தொலைவில் 1 செ.மீ. கூட இராது. இரு மடங்கு மட்டும் குவிக்கும் தொட்டி இத்தகைய பிசகைப் பெருமளவு பொறுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதற்கு இலேசான முதுகே போதுமானதாகிறது. உள்ளே நீள இடைவெளிகள் கொண்ட பிளாஸ்டிக் பலகையை ஒட்டுப்பலகை விலாக்களின் மேல் வளைத்துக் கட்டி, அதன்மேல் படலத்தை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒட்டினால் சுருக்கம் விழாது.

பாசிர் ரிஸ் உறுப்பினர்:

கடலோரத்தில் வசிப்பவள் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அலுமினியப் பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் உப்புக் காற்று அதை அரிக்கும். உட்பக்கம் இருந்தால் அதன்மேல் உள்ள பாலியெஸ்டர் புற ஊதாக் கதிரால் நாளடைவில் மஞ்சளாகும். ஆகவே புற ஊதாத் தடுப்பு சேர்த்த படலத்தை, பூச்சு உட்பக்கம் இருக்குமாறு ஒட்டி, விளிம்பு முழுவதையும் நீர் புகாத நாடாவால் மூடுவதே நல்லது என்பது என் துணிபு.

ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கிண்ணம் அசைவதில்லை, சிறுசிறு தட்டைக் கண்ணாடிகளைப் பதித்து அதை அமைத்திருக்கிறார்கள், வெப்பம் வாங்கும் குழாய்தான் சூரியனுக்கேற்ப நகர்கிறது. கனமானதை நிறுத்தி வைத்து இலேசானதை நகர்த்தும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உட்லண்ட்ஸ் அக்கா, உங்கள் தொட்டியைப் பயன்படுத்தாத நேரங்களில் துணியால் மூடிவைக்கிறீர்களா? தோட்டத்துக்குப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா, அவர்கள் கண் கூசாமல் இருப்பதற்காகக் கேட்கிறேன்.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்:

ஆம், மூடித்தான் வைக்கிறோம். வேலை செய்யும்போது கருப்புக் கண்ணாடியும் அணிகிறோம். வாயின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு பொருத்தினால் மழைநீர் தேங்காது, வெப்பமும் காற்றோடு போகாது என்று அண்ணன் மகள் சொல்கிறாள். அடுத்து அதைத்தான் செய்யவிருக்கிறோம்.