வகுப்புகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம்: கல்லூரிக்குள் எங்கே தூங்கலாம்?

இரண்டாமாண்டு கேட்டது:

விடுதியில் இல்லை, தினமும் வெளியிலிருந்து வந்து போகிறேன். காலை வகுப்பு 11.30-க்கு முடிகிறது, லேப் 1.45-க்கு. வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் பத்தாது. நடுவில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் போதும். ஆனால் நூலகத்தில் தலை சாய்த்தால் எழுப்பிவிடுகிறார்கள். காலி வகுப்பறையில் பாதித் தூக்கத்தில் யாராவது வந்து லைட் போடுகிறார்கள். மரத்தடியில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் முகத்தில் வெயில். சரியான இடத்தை எப்படித் தேடுவது? எழுந்ததும் மந்தமாக இல்லாமல் இருக்க என்ன செய்வது?

நூலகப் பணியாளர்:

நூலகத்தை அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள். எழுப்புவது பெரும்பாலும் தூங்குகிறீர்கள் என்பதற்காக அல்ல, படிக்க வந்த இன்னொருவருக்கு இடம் இல்லை என்பதற்காகத்தான். கம்ப்யூட்டர் மேசை, பிளக் பாயிண்ட் உள்ள மேசை, குழுவாகப் படிக்கும் அறை, வாசல் பக்க சோபா ஆகிய நான்கும்தான் எப்போதும் அடிதடி. அவற்றை விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போங்கள். பைண்ட் செய்த பழைய ஆய்விதழ்கள் அடுக்கியிருக்கும் பகுதி பல கல்லூரி நூலகங்களில் உண்டு. அந்த இதழ்கள் கணினியிலேயே கிடைப்பதால் அங்கே ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. இரண்டு பக்கமும் நிறைந்த அலமாரிகள் சத்தத்தை நன்றாக உள்வாங்கும்.

உட்காரும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். ஒரே சீராக ஓடும் ஃபேன், ஏசி சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது, உண்மையில் உதவும். விட்டு விட்டு வருகிற சத்தம்தான் எழுப்பும்: லிஃப்ட் மணி, ஜெராக்ஸ் மெஷின், கழிப்பறைக் கதவு. இவற்றிலிருந்து குறைந்தது மூன்று நான்கு வரிசை அலமாரிகள் தள்ளி இருக்க வேண்டும். ஏசி காற்று நேராக மேலே விழும் இடமும் வேண்டாம். தூங்கும்போது உடல் சூடு கொஞ்சம் இறங்கும், அதனால் விழித்திருக்கையில் சுகமாக இருந்த குளிர் பத்து நிமிடத்தில் உங்களை எழுப்பிவிடும். முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

உட்கார்ந்தபடி தூங்குவதைப் பலரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சோபாவில் காலை நீட்டிப் படுத்தால் கண்டிப்பாகப் புகார் வரும். கவுண்டரில் நேரடியாகவே கேட்டுவிடுங்கள், "எந்தத் தளத்தில் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது?" என்று. பதில் சொல்லுவார்கள். மாணவர் மன்றம் மூலம் தனி இடமே கேட்கவும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2014-இல் தன் நூலகம் ஒன்றுக்குள்ளேயே கட்டில் போட்டு ஓய்வுக்கு இடம் ஒதுக்கியது.

கடைசி வரிசை:

வகுப்பறை விஷயம் நான் சொல்கிறேன். கதவில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையை மட்டும் நம்பினால் இப்படித்தான் லைட் போடுவார்கள். ஸ்பெஷல் கிளாஸ், தேர்வு, கிளப் கூட்டம் எதுவும் அதில் இருக்காது. துறை அலுவலகத்தில் அறை ஒதுக்கும் நோட்டு ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள்.

அடுத்து, ஒரு பீரியட் மட்டும் காலியாக உள்ள அறை உதவாது. முந்தைய வகுப்பு இழுத்துக்கொண்டு போகும், அடுத்த வகுப்புக்காரர்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடிப்பார்கள். இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் போய்விடும். தொடர்ந்து இரண்டு பீரியட் காலியாக உள்ள அறையைத் தேடுங்கள். மேல்மாடி, வராண்டாவின் கடைசி அறை என்றால் இன்னும் நல்லது, குறுக்கே போகிறவர்கள் இருக்க மாட்டார்கள்.

தானியங்கி விளக்கு உள்ள அறையில், அசைவு இல்லாவிட்டால் சில நிமிடங்களில் விளக்கு தானாக அணையும். ஆனால் புரண்டு படுத்தால் மறுபடி எரியும். சென்சார் வழக்கமாகக் கூரை நடுவிலோ கதவுக்கு மேலோ இருக்கும். அதன் பார்வை படாத மூலையில் உட்காருங்கள்.

உள்ளே தாழ் போடாதீர்கள். தீ எச்சரிக்கை வந்தால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது. பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் படுப்பதும் தவறு: உள்ளே வருகிறவர் திடீரென்று ஒரு உடலைப் பார்த்தால் மயங்கி விழுந்து கிடப்பதாக நினைத்துப் பதறிவிடுவார். பையை டெஸ்க் மேல் தெரிகிற மாதிரி வைத்து, உட்கார்ந்தே தூங்குங்கள்.

லேப், மாடிப்படித் திருப்பம், அவசர வழி, ஜெனரேட்டர் அறைப் பக்கம் எதிலும் தூங்கவே கூடாது. லேபில் வாயுக் கசிவோ ரசாயன ஆவியோ இருந்தால் தூங்குகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி ஏற்றிய காரும் வேண்டாம். வெயிலில் நிற்கும் கார் பத்து நிமிடத்திலேயே வெளியை விட சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். ஏசிக்காக மூடிய பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.

மரத்தடி பற்றி: நண்பகலுக்குப் பிறகு நிழல் கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். நிழலின் மேற்கு ஓரத்தில் படுத்ததால்தான் வெயில் வந்திருக்கும். கிழக்கு ஓரமாகப் படுங்கள், அரை மணி நேரம் தாங்கும். படுக்கும் முன் மேலே காய்ந்த கிளை, கீழே எறும்பு வரிசை, பக்கத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் மூன்றையும் பாருங்கள்.

வெண்பலகை:

மேலே சொன்ன "ஆள் நடமாட்டம் இல்லாத இடம்" எல்லாருக்கும் பொருந்தாது. தனியாக வரும் மாணவிகளுக்கு வராண்டாவின் கடைசி அறையைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். மாணவியர் ஓய்வறை, ஆள் உள்ள வரவேற்பறைப் பக்கம், நூலக ஊழியர் பார்வைக்குள் வரும் மேசை, இவை போதும். சத்தம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு பேர் சேர்ந்து போய், ஒருவர் தூங்க மற்றவர் படிப்பது எல்லாவற்றிலும் நல்லது.

போனை மேசையில் விடாதீர்கள், சட்டையின் உள்பையில் வையுங்கள். பையின் வாரை நாற்காலிக் காலில் மாட்டாமல் உங்கள் காலில் ஒரு சுற்று சுற்றுங்கள். தனியாக இருந்தால் ஒரு காதில் மட்டும் அடைப்பான். அலாரம் வைப்பவர்கள் கவனிக்க: இயர்போன் மாட்டியிருந்தாலும் பல போன்களில் அலாரம் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே அடிக்கும். வைப்ரேஷனில் மட்டும் வைத்து, உடம்போடு ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமாண்டு:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? மேசையில் கவிழ்ந்து தூங்கினால் கை மரத்து, கண் மங்கலாகத் தெரிகிறதே, ஏன்?

பிசியோ இறுதியாண்டு:

நேரம் முதலில். படுத்து 25, 30 நிமிடம் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடும் வாய்ப்பு அதிகம். அதன் நடுவில் எழுப்பினால்தான் அந்த மந்தம், சில சமயம் அரை மணி நேரம் வரை நீடிக்கும். முந்தின இரவு சரியாகத் தூங்காதவர்கள் இன்னும் சீக்கிரம் ஆழத்துக்குப் போவார்கள், அவர்களுக்கு 20 நிமிடமே போதும். உங்கள் அட்டவணைக்கு: 11.30-க்குச் சாப்பிட்டுவிடுங்கள். 12.45-க்குக் கண்ணை மூடி 1.10-க்கு அலாரம். உடல் இயல்பாகவே சோர்கிற நேரம் பிற்பகல் 1 மணி வாக்கில் தொடங்குகிறது, அதனால் 11.30-ஐ விட எளிதாகத் தூக்கம் வரும். சாப்பிட்ட உடனே கவிழ்ந்தால் வருகிற நெஞ்செரிச்சலும் இருக்காது. லேபுக்கு முன் மீதி 35 நிமிடத்தில் முகம் கழுவி, வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். காபி குடிப்பவர் என்றால் கண் மூடும் முன்பே குடியுங்கள், அது வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும். தூக்கம் வராவிட்டாலும் எழுந்து போனை எடுக்காமல் கண் மூடியே இருங்கள்.

கை மரப்பது இரத்தம் நின்றதால் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் நரம்பு. முழங்கையை நன்றாக மடக்கி அதன் மேல் தலையின் எடையை வைத்தால் உட்பக்கம் ஓடும் அல்னார் நரம்பு இழுபட்டு நசுங்கும். சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் மரக்கும். கண் மங்குவது, முன்கை இமையை அழுத்திக் கருவிழியின் மேல்பரப்பைத் தற்காலிகமாக மாற்றுவதால். சில நிமிடத்தில் சரியாகும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மட்டும் கவிழ்ந்து தூங்கவே கூடாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டுக்கும் ஒரே மாற்று வழி: மேசை மேல் பையை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள், 15 முதல் 20 செ.மீ. வரை. லேப்டாப், டப்பாவை எல்லாம் எடுத்துவிட்டுத் துணி, நோட்டு மட்டும் உள்ளே இருக்கட்டும். நாற்காலியை நன்றாக முன்னே இழுத்து, பையைத் தளர்வாகக் கட்டிப்பிடித்து, நெற்றியை அல்ல, கன்னத்தைச் சாய்க்க வேண்டும். முதுகு வளைவு குறையும், கை எடை தாங்காது, கண்ணும் தப்பும். பாதங்கள் இரண்டும் தரையில் இருக்கட்டும். சுவர் ஓரம் கிடைத்தால் நாற்காலியை ஒட்டிப் போட்டு, மடித்த துணியைக் கழுத்துக்குப் பக்கவாட்டில் கொடுத்துச் சாய்ந்து தூங்குவது இதைவிட மேல்.

நாற்காலியின் முதுகுப் பலகைக்குப் பின்னால் கையைத் தொங்கவிட்டு மட்டும் தூங்காதீர்கள். மேல்கையில் எலும்பை ஒட்டி ஓடும் ரேடியல் நரம்பு நசுங்கி, எழுந்தபின் மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் தொங்கும், சரியாகச் சில வாரங்கள் கூட ஆகலாம். சாதாரண மரப்பு சில நிமிடங்களில் போய்விடும். அதன் பிறகும் விரலை நிமிர்த்த முடியவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.