செயல்நிலை ஆய்வை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்: வழி சொல்லுங்கள்

மஸ்கெலியா ஆசிரியை:

வணக்கம். தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகச் செயல்நிலை ஆய்வொன்றை, அதாவது என் வகுப்பையே நான் ஆராய்ந்து பார்க்கும் ஆய்வொன்றை, எழுதி ஒப்படைக்க வேண்டியுள்ளது. தரவுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. தரம் 3 பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிய குறிப்புகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆனால் எழுத உட்காரும்போதுதான் அடுத்த வாரப் பாடக்குறிப்பும், ஊறப்போட்ட துணியும், வட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையும் தலைபோகிற அவசரமாகத் தோன்றுகின்றன. பாடசாலை வேலை எதிலும் நான் பிந்துவதில்லை என்பதால், இதைச் சோம்பல் என்று ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படி? நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது.

பேராதனை வாசகன்:

சகோதரி, நீங்கள் நினைப்பது சரிதான், இது சோம்பல் அன்று. தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாமையைவிட, மனநிலையைக் கையாளும் ஒரு குறுக்கு வழி என்று ஃபுஷியா சிரோயிஸ், திமதி பிச்சில் ஆகிய உளவியலாளர்கள் 2013இல் எழுதினார்கள். ஆய்வுக் கோப்பைத் திறந்ததும் ‘இது சரியாக வருமா’ என்ற பதற்றம் எழுகிறது. துணி துவைக்கப் போனதும் அது அடங்குகிறது. அடங்கியதே பரிசாகிவிடுவதால் மறுநாளும் கால் அங்கேயே போகிறது. பாடக்குறிப்பை நாளைக்கே அதிபர் பார்ப்பார், அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கோ கெடு தொலைவில் இருக்கிறது, தொடங்கும் இடமும் தெளிவாக இல்லை.

ஆகவே ‘இன்று ஆய்வு எழுதுவேன்’ என்று தீர்மானிப்பதால் பெரும் பயன் இராது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சக ஆய்வாளரும் மாணவர்களிடம், நத்தார் விடுமுறையில் இரண்டு நாட்களுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். உங்கள் நேரசூசியில் ‘7 மணி – ஆய்வு’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘இராச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதும், அதே மேசையில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்தப் பிள்ளையின் குறிப்பை ஒரு பந்தியாக்குவேன்’ என்று எழுதிப் பாருங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற தோட்டக் காரியாலய எழுதுவினைஞர்:

மகள், தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோட்டத்தில் கொழுந்தை மாதக் கடைசியில் ஒரேயடியாக நிறுப்பதில்லை; ஒரே நாளில் பல தடவை தராசு மலைக்கு வரும், ஒவ்வொரு நிறுவையும் அந்தந்தப் பேருக்கு நேரே பதிவாகும். உங்கள் ஆய்வுக்கோ ஒரே ஒரு நிறுவைதான், அதுவும் கடைசியில்.

டான் ஏரியலி, க்ளாஸ் வெர்டன்ப்ரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். மூன்று பிரதிகளைப் பிழைதிருத்தக் கொடுத்தபோது, வாரத்துக்கு ஒன்று என்று கெடு விதிக்கப்பட்டவர்களே அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் அவர்களுக்கு அடுத்த நிலையில் நின்றார்கள். எல்லாவற்றையும் கடைசி நாளில் கொடுக்கலாம் என்று விடப்பட்டவர்கள் மிகவும் பின்தங்கினார்கள். எனவே உங்கள் மேற்பார்வையாளரிடம், வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பக்கம் அனுப்பலாமா என்று கேளுங்கள். அவர் வாசிக்கக்கூடத் தேவையில்லை, வந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும். அவருக்கு நேரமில்லை என்றால் உடன் படிக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்கலாம். வீட்டாரிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள், அவர்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள்.

தலவாக்கலை வாசகி:

இரண்டு பதில்களும் நன்று, ஆனால் இருவருமே அந்தத் துணியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அக்கா எழுதாமல் செய்யும் வேலைகள் பொழுதுபோக்கு அல்ல, யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டிய வேலைகள். ஒரே காம்பராவில் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் படிப்பும் அடுப்பும் இருக்கும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இரவு 7 மணிக்கு மேசை வெறுமையாக இருக்கும் என்று நம்புவது கடினம். மனத்தைத் திருத்துவதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. பாடசாலை 1.30க்கு விட்டதும் அடுத்த பஸ் வரும் வரை வகுப்பறையிலேயே இருந்து எழுத முடியாதா? வீட்டில் துணிக்கு வேறொருவர் பொறுப்பேற்கட்டும், அதைக் கேட்டுப் பெறுவதும் இந்த ஆய்வின் ஒரு பகுதிதான்.

காலக் கணக்கையும் தாராளமாகப் போடுங்கள். 1994இல் வெளியான ரொஜர் பியூலர் குழுவினரின் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனாலும் 49 நாட்கள் போதும் என்றார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் எடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் சமைத்தார்களோ!

மஸ்கெலியா ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. வகுப்பறையில் தங்குவது முடியும். மறுநாள் கரும்பலகையை எழுதி வைக்க எப்படியும் சற்று நேரம் நிற்கிறேன். வெள்ளிக்கிழமைப் பக்கங்களுக்கு என்னோடு படிக்கும் ஓர் ஆசிரியை சம்மதித்துவிட்டார், அவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு வாரம் தவறிவிட்டால் அந்த வெட்கத்திலேயே அடுத்த வாரமும் கோப்பைத் திறக்காமல் விடுவது என் வழக்கம். அதற்கு என்ன செய்வது?

பேராதனை வாசகன்:

தவறிய பக்கங்களை அடுத்த வாரக் கணக்கில் ஏற்ற வேண்டாம். நான்கு பக்கம் என்றதும் கோப்பு இன்னும் கனக்கும். வழக்கமான இரண்டு பக்கத்தையே அனுப்புங்கள். மைக்கேல் வோல், பிச்சில், பெனட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த பரீட்சைக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. உங்கள் தோழியிடமும் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் வராத வெள்ளிக்கிழமையில் அவர் காரணம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பந்தி எந்தப் பிள்ளையைப் பற்றியது என்று மட்டும் கேட்டால் போதும்.