தாத்தாவின் ஹோண்டா எஞ்சின்: குடும்பக் குழுவில் ஒரு வாரம்

சனிக்கிழமை

கதிர், காலை 9.10: அனைவருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டிய ஹோண்டா சி70 மோட்டார்சைக்கிளின் எஞ்சினை நேற்று இரவு வீட்டுப் பாம் ஷெல்டரிலிருந்து (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) வெளியே எடுத்தேன். வண்டி போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எஞ்சின் மட்டும் அரிசிச் சாக்கில் சுற்றியபடி அங்கேயே கிடந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, கையால் சுழற்றினால் பிஸ்டன் போய்வருவது தெரியும்படி ஒரு பலகையில் பொருத்தி, தாத்தாவின் நினைவு நாளன்று வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சின் சிறிதும் அசையவில்லை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தும் பயனில்லை.

அத்தை, காலை 9.22: அந்த ஒரு மணி நேரமும் எனக்கு நன்றாகவே கேட்டது. கீழ்வீட்டுப் பாட்டி, வீட்டில் தரை ஓடு மாற்றுகிறீர்களா என்று என்னை மின்தூக்கியில் நிறுத்திக் கேட்டார்.

பெரியப்பா, காலை 9.41: கதிர், முதலில் சுத்தியலைக் கீழே வை. பிஸ்டன் சிலிண்டருக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் படமெடுத்து அனுப்பு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல். இறுகியிருப்பது கியர்பெட்டியாக இருந்து, நீ பாவம் பிஸ்டனை அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கதிர், காலை 9.58: நியூட்ரலில்தான் இருக்கிறது, பெரியப்பா. செயின் பல்சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. படத்தை அனுப்பியிருக்கிறேன், பிஸ்டனின் தலை சிலிண்டரின் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய நேராக நிற்கிறது. காலால் மிதித்துக் கிளப்பும் கிக்கரின் தண்டில் உள்ள பற்கள் மழுங்கிப்போயிருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் இதைக் கிளப்பித் தருவதாகச் சொல்லி, கிக்கரின் மேல் ஏறி நின்று மிதித்தார்கள் என்று அப்பா சொல்கிறார்.

பெரியப்பா, காலை 10.20: நான் நினைத்தது சரிதான். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிஸ்டன், அதன் போக்குவரவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்த நிலையில் மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் கிராங்கைத் திருப்பும் விசை துளியும் பிறக்காது; அடி முழுவதும் ராடு வழியாக இறங்கி, கிராங்கின் பேரிங்குகளைத்தான் சேரும். ஆனால் இதே நிலையில் கிராங்கின் பக்கத்திலிருந்து திருப்பினால் கதை நேர்மாறாகிவிடும். சி70-இல் பிஸ்டன் ஓடும் தூரம் 41.4 மில்லிமீட்டர். உச்சியிலிருந்து கிராங்கைப் பத்துப் பாகை திருப்பினால் பிஸ்டன் அரை மில்லிமீட்டர்கூட நகராது. அவ்வளவு சிறிய நகர்வுக்கு அவ்வளவு பெரிய திருப்பம் என்றால், அங்கே கிடைக்கும் நெம்பு விசையை நீயே கணக்கிட்டுப் பார். செம்பவாங் கப்பல் பட்டறையில் இருந்தபோது, இறுகிய எஞ்சின் எது வந்தாலும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வரை எங்கள் ஃபோர்மன் யாரையும் ஸ்பானரைத் தொட விடமாட்டார்.

மலர், காலை 10.34: பெரியப்பா, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாக கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸை அழுத்தி ஏற்றினால் பிஸ்டன் தானாக இறங்கிவிடும் என்கிறார்களே, அதை அண்ணன் செய்து பார்க்கலாமா?

பெரியப்பா, காலை 10.50: நல்ல முறைதான், மலர். இந்தச் சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையின் பரப்பு 17 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால்கூட ஒன்றே முக்கால் டன் அளவுக்கு விசை வந்துவிடும். கிரீஸ் அழுத்தத்தில் அதிகம் சுருங்காததால், பிஸ்டன் விடுபட்டதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அழுத்திய காற்றைப் போல வெடித்துச் சிதறாது. காற்றை மட்டும் யாரும் முயல வேண்டாம். ஆனால் நம் பிஸ்டன் உச்சியில் நிற்பதால், சுத்தியல் தோற்ற அதே காரணத்துக்காக கிரீஸும் தோற்றுவிடும். வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் ஹெட்டைத் திரும்பப் பூட்டவும் வேண்டும். பிறகு எஞ்சின் முழுவதும் அப்பிய கிரீஸைக் கழுவ ஒரு நாள் போய்விடும்.

கதிர், காலை 11.05: அப்படியானால் எதில் தொடங்குவது?

பெரியப்பா, காலை 11.31: ஊறவைப்பதில் தொடங்கு. நம் சிங்கப்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்; கார்புரேட்டரும் சைலன்சரும் இருந்த துவாரங்களை அப்போது யாரும் துணி வைத்து அடைக்கவில்லை. பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள வளையங்களான ரிங்குகளும் சிலிண்டரும் வார்ப்பிரும்பு. ரிங் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடித்து இரண்டையும் பசை போல ஒட்டியிருக்கும். அசிட்டோனும் ஏடிஎஃப் எண்ணெயும் (தானியங்கி கியர்பெட்டி எண்ணெய்) சம அளவு கலந்து பிஸ்டனின் விளிம்பைச் சுற்றி ஊற்று. இந்த எஞ்சினில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருப்பதால், எஞ்சினைப் பின்பக்கமாக நிமிர்த்தி வைத்தால்தான் எண்ணெய் தங்கும். பழைய எஞ்சின் எண்ணெயை முன்பே வடித்துவிடு. அது பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள்.

அத்தை, காலை 11.40: அசிட்டோனைக் கதவு மூடிய பாம் ஷெல்டருக்குள் வைத்துத் திறக்க நான் அனுமதிக்க மாட்டேன், அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, தலைசுற்றலும் வரும். தாழ்வாரத்திலும் வைக்கக் கூடாது, அங்கே 1.2 மீட்டர் வழி விட வேண்டும். சமையலறைச் சன்னலருகே வைத்துக்கொள், ஆனால் அடுப்பு எரியும்போது மூடியைத் திறக்காதே.

புதன்கிழமை

கதிர், இரவு 8.15: நான்கு நாள்களாகக் காலையும் மாலையும் ஊற்றி வருகிறேன். முதல் இரண்டு நாளும் எண்ணெய் அப்படியே நின்றது. இன்று மாலை பார்த்தபோது மட்டம் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது.

பெரியப்பா, இரவு 8.32: அப்படியானால் வழி கிடைத்துவிட்டது. இனிச் சூடு. ஒன்றை மட்டும் நினைவில் வை: ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கினால் பிடி இன்னும் இறுகும். ஆகவே அசிட்டோனை முழுவதும் துடைத்து, ஒரு நாள் காற்றாட விட்டுவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சிலிண்டரின் வெளிப்புறத்தை மட்டும் விரைவாகச் சூடேற்று. பிஸ்டன் தலையில் பனிக்கட்டிப் பையை வை. பிறகு ஆறவிட்டு, ஏடிஎஃப் மட்டும் ஊற்று. இப்படி மூன்று நான்கு முறை செய்தால், விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி உடைந்து எண்ணெய் உள்ளே இழுக்கப்படும்.

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 8.45: இன்று திருப்பலாம். இடப்பக்கத்தில் கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு, நட்டு இறுகும் திசையில் மட்டும் திருப்பு. எதிர்த்திசையில் திருப்பினால் நட்டுதான் கழன்று வரும். எதிர்த்திசைக்கு ஃப்ளைவீலைக் கையால் பிடித்து ஆட்டு. தலை கழன்ற எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் செயின் தொய்ந்து கீழ்ப் பல்சக்கரத்தில் சுருண்டுவிடும், அதைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுத் தொடங்கு. குலுக்கி இழுக்காதே; நிலையாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்து.

கதிர், காலை 11.20: நகர்ந்துவிட்டது! நாற்பது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு சிறிய டிக் ஓசை கேட்டது. விளிம்பில் நான் போட்டிருந்த மார்க்கர் கோட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது.

அத்தை, காலை 11.24: இதற்கு மேல் பாட்டி எதுவும் கேட்கமாட்டார்.

கதிர், பிற்பகல் 1.10: முன்னும் பின்னுமாக ஆட்டி ஐந்து மில்லிமீட்டர் வரை வந்தேன். அதன்பின் பிஸ்டனை உச்சிக்கே திருப்பிவிட்டு, சிலிண்டரை மேல்நோக்கி உருவ முயன்றேன், அது வரவில்லை.

பெரியப்பா, பிற்பகல் 1.18: பக்கவாட்டில் ஒரு சிறிய போல்ட்டும், செயின் உருளையைத் தாங்கும் போல்ட்டும் இருக்கும், அவற்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவற்றைக் கழற்றியபின், சிலிண்டரின் தடித்த அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் மாறி மாறித் தட்டு. குளிர்ச்சிச் சிறகுகளைத் தொடாதே, வார்ப்பிரும்பு உடைந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைக்காதே, கேஸ்கெட் அமரும் முகம் கீறிப்போகும்.

கதிர், பிற்பகல் 2.05: வந்துவிட்டது. மேல் ரிங் பள்ளத்திலேயே ஒட்டியிருந்து, எடுக்கும்போது இரண்டாக உடைந்தது. சிலிண்டருக்குள் அந்த ரிங் நின்ற இடத்தில் மட்டும் மோதிரம் போல ஒரு துருக்கோடு. அதற்குக் கீழே சுவர் இன்னும் பளபளக்கிறது. இதைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டுமா?

பெரியப்பா, பிற்பகல் 2.30: ஓடப்போகும் எஞ்சினாக இருந்தால் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடச் சொல்வேன். பலகையில் நிற்கப்போவதற்கு நயமான எமரித் தாளே போதும். கோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கிராங்கை அப்படி விட முடியாது. கரைந்த துரு அனைத்தும் கீழே பேரிங்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். டீசல் ஊற்றிக் கழுவி, விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்.

கதிர், மாலை 5.50: மூன்று முறை கழுவிவிட்டேன். வலப்பக்கம் வழுவழுப்பாகச் சுற்றுகிறது. இடப்பக்கத்தில் இன்னும் மணல் அரைபடுவது போல இருக்கிறது, ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா, மாலை 6.02: ஒலிப்பதிவில் கீழே பேருந்து போகும் சத்தம்தான் கேட்கிறது, தம்பி. நாளைக் காலை பசியாறிவிட்டு ஈசூனில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நான் கையால் தொட்டுப் பார்க்கும் வரை பேரிங்கை உருவ வேண்டாம்.