சென்னையில் 1.10 லட்சம், சிங்கப்பூரில் 6,500 வெள்ளி: எதில் மிஞ்சும்?

மடிப்பாக்கத்தான்:

சிங்கப்பூரில் இருப்பவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் விவரம் சொல்லுங்கள். வயது 36, ஓஎம்ஆரில் ஐடி வேலை, பிடித்தம் போகக் கைக்கு 1,10,000 வருகிறது. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, 32,000. மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 22,000, மெயின்டனன்ஸ் தனி. பையனுக்கு ஐந்து வயது. அம்மா எங்களோடு இருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக வேலைக்குப் போவதே அவரை நம்பித்தான். எல்லாம் போக மாதம் 45,000 மிச்சம் பிடிக்கிறோம், பிஎஃப் தனி.

இப்போது சிங்கப்பூரில் மாதம் 6,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வேலை வந்திருக்கிறது. வீட்டில் ஆளாளுக்கு 65ஆல் (2025 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு அத்தனை ரூபாய்) பெருக்கிப் பார்த்துவிட்டு நாலு லட்சத்துக்கு மேலே என்கிறார்கள், மச்சான் பள்ளிக்கரணையில் ஃப்ளாட் பார்க்கவே கிளம்பிவிட்டார். ஆபீஸில் ஒருவர் மட்டும் குடும்பத்தோடு போனால் ஒன்றும் நிற்காது என்கிறார். யார் சொல்வது சரி? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

ஈசூன்வாசி:

ஆபீஸ்காரர் பாதி சரி. முதலில் அம்மா விஷயம், ஏனென்றால் உங்கள் கணக்கே அங்கேதான் மாறுகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் எனும் வேலை அனுமதிகளில் வருபவர் மனைவி, பிள்ளையை அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. பெற்றோரை நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். அதனால் அம்மா சுற்றுலா விசாவில் வந்து போகலாம், அவ்வளவுதான். உங்கள் மனைவிக்கு டிபெண்டன்ட் பாஸை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக 2021 மே முதல் வழியில்லை, அவர் பெயரில் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். ஆக 32,000 போயிற்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி செலவு. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மூவறை வீடு (ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள், படுக்கையறை இரண்டுதான்) ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் பழைய புளோக்காக இருந்தாலும் 2,800, 3,000 ஆகும். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் மேலே. மின்சாரம், தண்ணீர், இணையம் 250, ஏசியை நிறுத்தவே மாட்டேன் என்றால் 300. மளிகை, காய்கறி, பால், எப்போதாவது மீன் எல்லாம் 800. வெளியே சாப்பாடு 300, உணவங்காடியில் ஒரு தட்டு ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும், உணவகத்தில் போய் உட்கார்ந்தால் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து பில் வரும். எம்ஆர்டி, பஸ் மலிவு, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை வெள்ளிக்குள், குடும்பத்துக்கு 250 வையுங்கள். பையனுக்குப் பாலர் பள்ளி குறைந்தது 900. போன், மருந்து, சில்லறை 100. வருமான வரி நம் ஊரைப் பார்க்கக் கொசுறு, உங்கள் சம்பளத்துக்கு ஆண்டுக்கே 3,000 வெள்ளிக்குள் வரும், மாதம் 230 எடுத்து வையுங்கள். கூட்டினால் 5,800 சொச்சம். மிச்சம் 700க்கும் குறைவு, அதாவது 45,000 ரூபாய் பக்கம். நீங்கள் மடிப்பாக்கத்திலேயே பிடிக்கிற அதே மிச்சம், அங்கே பிஎஃப் வேறு. இங்கே மசே நிதி (மத்திய சேமநிதி, நம் பிஎஃப் மாதிரி) குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், பாஸில் வருபவருக்கு ஒரு காசு சேராது.

பையன் தொடக்கநிலைக்குப் போகும்போது அடுத்த அடி. அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இடம், கட்டணமும் மாதம் 800 வெள்ளிக்கு மேல். இடம் கிடைக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, அதில் மாதம் ஆயிரத்தைத் தாண்டும்.

தனியாக வந்தால் கதையே வேறு. ஓர் அறை 1,000, சாப்பாடு 600, மற்றதெல்லாம் சேர்த்து 2,100க்குள் அடங்கும், 4,000க்கு மேல் ஊருக்கு அனுப்பலாம்.

கணக்குப்பிள்ளை:

65ஆல் பெருக்குவதில் தப்பே இல்லை, எதைப் பெருக்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம். சேமிக்கிற வெள்ளி 65 ரூபாய். செலவழிக்கிற வெள்ளி அப்படி இல்லை, பொருளுக்குப் பொருள் மாறும். உங்கள் வாடகையையே எடுங்கள், 22,000 ரூபாய் வீட்டுக்கு அங்கே 3,000 வெள்ளி, அப்படியென்றால் வாடகைக்குக் கொடுக்கும் வெள்ளிக்கு ஏழு ரூபாய் மதிப்புதான். முடிவெட்ட தேக்காவிலேயே (லிட்டில் இந்தியா) பத்து வெள்ளி ஆகும், மடிப்பாக்கத்தில் 150 ரூபாய், வெள்ளிக்குப் பதினைந்து. அரிசி, பால் இருபதிலிருந்து இருபத்தைந்து ரூபாய்க்குள் வரும். ஐபோன், லேப்டாப், தங்கம் வாங்கும்போதுதான் கிட்டத்தட்ட முழு 65 கிடைக்கும்.

காரணம் ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான். கப்பலில் ஏறக்கூடிய பொருளின் விலை எங்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், வீடும் முடிவெட்டும் கப்பலில் ஏறாது. 1964இல் பொருளாதார அறிஞர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே இதை விளக்கினார்கள்: பணக்கார நாட்டு முடிதிருத்துநர் நம் ஊர்க்காரரைவிட வேகமாக வெட்டுவதில்லை, ஆனால் அவருக்குக் கூலி குறைத்தால் தொழிற்சாலைக்கோ வங்கிக்கோ போய்விடுவார், அதனால் அங்கே எல்லோருடைய கூலியும் ஏறுகிறது, கூலி ஏறினால் கையால் செய்கிற வேலையின் விலை ஏறுகிறது. உலக வங்கியின் வாங்கும் சக்திக் கணக்கில் அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குவதை இந்தியாவில் 20 ரூபாய் சுற்றளவில் வாங்கலாம், சந்தையில் டாலர் 85க்கு மேல். அதே கணக்கில் சிங்கப்பூர் வெள்ளி சுமார் 25 ரூபாய்க்குச் சமம். 6,500ஐ இருபத்தைந்தால் பெருக்குங்கள், 1,62,500. உங்கள் வீட்டு வருமானம் இப்போதே 1,42,000. மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

திருமயம் செல்வம்:

கணக்குப்பிள்ளை அண்ணே, நீங்கள் சொல்வது பாஸில் வருபவருக்குப் பொருந்தும், நாங்கள் வொர்க் பெர்மிட் (கூலி வேலைக்கான அனுமதி). சிங்கப்பூரில் எல்லோருடைய கூலியும் ஏறிவிட்டது என்று யார் சொன்னது? கட்டட வேலைக்கு இந்தியா, பங்களாதேஷிலிருந்து ஆளை எடுத்துத்தான் அந்தக் கூலியை ஏறாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஓவர்டைமோடு 1,000 வெள்ளி பக்கம் வரும். தங்குமிடம் கம்பெனி பொறுப்பு, ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். கேட்டரிங் சாப்பாடு 150. போன், சில்லறை போக 750 வெள்ளி வீட்டுக்குப் போகிறது, 48,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். 6,500 வாங்கும் குடும்பத்தைவிட நான் அதிகம் அனுப்புகிறேன் பாருங்கள். ஆனால் மனைவி, பிள்ளையைக் கூட்டி வர எங்களுக்கு அனுமதியே கிடையாது, வீட்டு வாடகை மிச்சம் என்றால் வீடே இல்லை என்பதால்தான் மிச்சம்.

இன்னொன்று, ஊரில் கொத்தனார் கூலி இப்போது ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. ஏஜென்டுக்குக் கட்டிய லட்சங்களுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் முன்னே மாதிரி பெரிய வித்தியாசம் இல்லை. நான் இங்கே ஊற்றுகிற கான்கிரீட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டப் போனால் அங்கே மேஸ்திரி என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்.

ஜொகூர் மணியம்:

யாரும் ஜேபி (மலேசியாவின் ஜொகூர் பாரு) பற்றிப் பேசவில்லையே. ஜொகூர் பாருவில் நீச்சல் குளம் வைத்த கொண்டோவே 2,300 ரிங்கிட், வெள்ளியில் 700 சொச்சம். நாங்கள் நிறைய பேர் இங்கே இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறோம். விடியக்காலை எழ வேண்டும், ஜாமில் நிற்க வேண்டும், ஆனால் சம்பளம் மூன்று மடங்குக்கு மேல்.

ஈசூன்வாசி:

மணியம், அது மலேசியக் குடிமக்களுக்குத்தான் சரி. இந்தியப் பாஸ்போர்ட்டில் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் போகலாம், அது சுற்றுலா. தினமும் பாலம் தாண்டினால் குடிநுழைவில் கேட்பார்கள். அவருக்கு ஆசை காட்டாதீர்கள்.

திரும்பிவந்தவள்:

நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருந்துவிட்டுச் சென்னைக்கே வந்துவிட்டோம். வாடகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், வாங்குவதைப் பாருங்கள், அங்கேதான் ஏழை நாடு, பணக்கார நாடு தலைகீழாகும். சென்னையில் வாடகை மலிவு, வீடு மலிவே இல்லை. மடிப்பாக்கத்தில் 22,000 வாடகை வரும் ஃப்ளாட்டை வாங்கப் போனால் 85 லட்சம் என்பார்கள், வாடகை வருமானம் ஆண்டுக்கு மூன்று சதவீதச் சொச்சம்தான் தேறும். அதற்கு 65 லட்சம் கடன், எட்டரை சதவீதம், 20 வருஷம் என்று வைத்தால் இஎம்ஐ 56,000க்கு மேல். வாடகையைப் போல இரண்டரை மடங்கு. முத்திரைத்தாள், பதிவு என்று 7இலிருந்து 9 சதவீதம் வேறு, யூடிஎஸ் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று கேட்டால் பில்டர் பேச்சை மாற்றுவார்.

சிங்கப்பூரில் 1960இல் வீவக தொடங்கியதிலிருந்து அரசே கட்டி, அரசே கடன் கொடுத்து வந்ததால், அங்கே வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் வீவக வீட்டில்தான். வீவக கடனுக்கு வட்டி 2.6 சதவீதம், அதுவும் பெரும்பாலும் மசே நிதியிலிருந்தே கழியும். என் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் தவணைக்குக் கையிலிருந்து எதுவும் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை, நாங்கள் அதே மாடியில் அதே அளவு வீட்டுக்கு வாடகையாக மாதம் 3,200 கட்டினோம். 99 வருஷக் குத்தகைதான், அது ஒரு குறை, இருக்கட்டும். வெளிநாட்டவர் தனியார் வீடு வாங்கினால் 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம். ஆக பாஸில் போகிறவர் அந்த ஊர் வாடகை கொடுக்கலாம், அந்த ஊர் வீட்டுச் சலுகை ஒன்றும் கைக்கு வராது.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னையில் விலை ஏறியதில் நம்மைப் போல வெள்ளியும் டாலரும் அனுப்புகிறவர்களுக்கும் பங்கு உண்டு, மச்சான் பள்ளிக்கரணையில் பேரம் பேசாமல் வாங்கினால் அடுத்து வாங்குகிற உள்ளூர்க்காரருக்கு அதுதான் விலை. (பள்ளிக்கரணையில் வாங்கும் முன் 2015 மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.)

மடிப்பாக்கத்தான்:

எல்லோருக்கும் நன்றி. செல்வம் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா வர முடியாது என்றால் குடும்பத்தோடு போகிற பேச்சே இல்லை. முதல் ஒரு வருஷம் நான் மட்டும் போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன், சிங்கப்பூருக்கு நாலு மணி நேர விமானம்தானே, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரலாம். கம்பெனியிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஈசூன்வாசி:

சம்பளத்தில் 500 கூட்டச் சொல்லிப் பாருங்கள், முடியாதென்றால் முதல் மாதத் தங்குமிடத்தையும் ஆண்டுக்கு இரண்டு டிக்கெட்டையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மருத்துவக் காப்பீடு வெளிநோயாளி சிகிச்சைக்கும் செல்லுமா என்று பாருங்கள், கிளினிக்கில் சும்மா காய்ச்சலுக்கே ஐம்பது வெள்ளி. பிஎஃப் நின்றுவிடும், அதற்கு ஈடாக நீங்களே மாதம் ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள். அறை எடுக்கும்போது சமைக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள், பல வீடுகளில் "லேசான சமையல்" என்பார்கள், அதில் தாளிப்பு சேராது. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகைதான் அட்வான்ஸ், அதற்கு மேல் கேட்டால் வேறு வீடு பாருங்கள். பின்னால் குடும்பம் வந்து முழு வீட்டை இரண்டு வருஷத்துக்கு எடுத்தால், வேலை போனால் இடையில் காலி செய்ய அனுமதிக்கும் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' என்ற நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.