மேசைக் கணினியில் எமோஜி: புள்ளி விசையா, சொந்தச் சுருக்கமா?

மாடிவீடு:
எங்கள் குடியிருப்புச் சங்க அறிவிப்புகளை நான்தான் தட்டச்சு செய்கிறேன். மேசைக் கணினியில் தமிழ்99 விசைப்பலகை முறையில் எழுதி, வாட்ஸ்அப் வெப் வழியாகக் குழுவுக்கு அனுப்புவது வழக்கம். தண்ணீர் வராது என்றால் எச்சரிக்கைக் குறி, கூட்டம் என்றால் நாள்காட்டி, முடிவில் கூப்பிய கைகள். கைப்பேசியில் சட்டென்று வருவதைக் கணினியில் தேடித்தேடிச் சலித்துவிட்டது. வேகமான வழி எது?

விசைநேசன்:
விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே புள்ளியைத் தட்டுங்கள். எமோஜிப் பலகை திறக்கும். புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி விசையும் அதே வேலையைச் செய்யும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. முதலில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகைக்கு மட்டும் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு மற்ற மொழிகளுக்கும் விரித்தார்கள். ஆனாலும் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அண்மையில் பயன்படுத்தியவை முன்னால் வந்து நிற்கும்; மற்றவற்றுக்கு ஆங்கிலப் பெயரில் நாலைந்து எழுத்து தட்டினால் போதும். மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். எதையும் நிறுவ வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அச்சுக்கூடச் செல்வி:
விசைநேசன் அண்ணா, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குப் பதில் சொல்கிறீர்கள். மாடிவீடு தமிழில் எழுதுகிறார். வாக்கியத்தின் நடுவே பலகையைத் திறந்து பெயரைத் தட்டினால் தமிழ் எழுத்துகள்தான் விழும். விண்டோஸும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, தேடி, எடுத்து, மறுபடி தமிழுக்கு வர வேண்டும். திரும்ப மறந்தால் அடுத்த வரி முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பை. வாட்ஸ்அப் வெப்பில் முக்காற்புள்ளி போட்டுப் பெயரைத் தட்டும் வழிக்கும் இதே கதைதான்.

அவருக்கு வேண்டியவை ஏழெட்டு எமோஜிகள். எமோஜிகளின் மொத்தப் பட்டியல் தோல் நிற வகைகளையும் சேர்த்தால் 3,700ஐத் தாண்டுகிறது. அதற்குள் நாள்தோறும் போய்த் தேடுவானேன்? சுருக்கத்தைத் தட்டினால் எமோஜியாக மாற்றித் தரும் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் ஒரு வரி எழுதினால் போதும்: இரண்டு முக்காற்புள்ளி, உங்கள் சுருக்கம், மறுபடி இரண்டு முக்காற்புள்ளி, பிறகு எமோஜி. சேமிக்கும்போது கோப்பின் குறியாக்கமாக (என்கோடிங்) யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள்.

சுருக்கத்தை மட்டும் யோசித்து வையுங்கள். தமிழ்99இல் அரைப்புள்ளி விசையில் 'ந' இருக்கிறது, அதற்கடுத்த விசையில் 'ய' இருக்கிறது. அவற்றைச் சுருக்கத்தில் சேர்த்தால் மொழி மாறும்போது உதைக்கும். எண்கள் எந்த மொழியிலும் மாறுவதில்லை. நான் சமக்குறியை இரண்டு முறை தட்டி, பிறகு 1 தட்டி இடைவெளி விடுவேன், கூப்பிய கைகள் வந்துவிடும். 2 என்றால் பச்சைச் சரிக்குறி. கண் திரையை விட்டு நகர்வதே இல்லை.

விசைநேசன்:
செல்வி, மொழி மாற்றும் தொல்லை உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழெட்டு எமோஜி என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஏழெட்டும் பலகையின் 'அண்மையில்' வரிசையிலேயே இருக்குமே! பெயரைத் தட்டவே வேண்டாம், அம்பு விசையும் என்டரும் போதும். அலுவலகக் கணினியில் வெளி மென்பொருளை நிறுவ எத்தனை பேருக்கு அனுமதி இருக்கிறது? விசைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருளைக் கண்டால் பாதுகாப்புப் பிரிவு முதலில் அதைத்தான் நீக்கும்.

அச்சுக்கூடச் செல்வி:
'அண்மையில்' வரிசை ஒரே இடத்தில் நிற்காதே அண்ணா. நேற்று முதலிடத்தில் இருந்தது இன்று நான்காவதாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கண் தேட வேண்டும். கை பழகுவதற்கு இடம் மாறாத குறி வேண்டும்.

கரும்பலகை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுதந்திர தின வாழ்த்தில் இந்தியக் கொடி போட வேண்டும் என்று பள்ளிக் கணினியில் அந்தப் பலகை முழுவதும் தேடியிருக்கிறேன். கிடைக்காது. நாட்டுக் கொடிகளின் படம் விண்டோஸின் எமோஜி எழுத்துருவிலேயே இல்லை. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் ஒவ்வொரு கொடியும் இரண்டு சிறப்பு எழுத்துக் குறிகளின் சேர்க்கை. படம் இல்லாததால் குரோம் உலாவியில் ஐ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென எமோஜி எழுத்துரு வைத்திருப்பதால் அதில் கொடியாகவே தெரியும். அதனால் எமோஜிபீடியா தளத்தில் தேடி நகலெடுத்து ஒட்டுவதுதான் நான் மாணவர்களுக்குக் காட்டும் வழி. உங்கள் திரையில் எழுத்தாகத் தெரிந்தாலும் பெறுகிறவரின் கைப்பேசியில் கொடியாகவே தெரியும்.

அச்சுக்கூடச் செல்வி:
டீச்சர், கொடிக்கு ஒருமுறை நகலெடுங்கள், சரி. நாள்தோறும் ஓர் உலாவித் தாவலைத் திறந்து நகலெடுப்பதை வேகமான வழி என்று சொல்ல மாட்டேன்.

கரும்பலகை:
நாள்தோறும் நகலெடுக்க வேண்டாம். விண்டோஸும் 'வி' விசையும் சேர்த்து அழுத்தினால் நகலெடுத்தவற்றின் பட்டியல் வரும். முதல் முறை மட்டும் அந்த வசதியை இயக்க வேண்டும். 25 உருப்படிகள் வரை நிற்கும். வேண்டியதைக் குத்தி (பின் செய்து) வைத்துவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. மாடிவீடு அவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். மொழி மாற்றமும் இல்லை, மென்பொருளும் இல்லை.

பென்குயின்பட்டி:
லினக்ஸ்காரர்களையும் கொஞ்சம் நினையுங்கள். கேடிஈ பிளாஸ்மா என்ற லினக்ஸ் திரைச்சூழலில் 2020இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து விண்டோஸ் விசையும் புள்ளியும் இங்கும் எமோஜி சாளரத்தைத் திறக்கின்றன. எமோஜியின் யூனிகோடு குறியெண் தெரிந்தவர்கள் பல செயலிகளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு அழுத்தி 2705 என்று தட்டி என்டர் கொடுத்தால் பச்சைச் சரிக்குறி வரும். லிப்ரே ஆஃபீஸிலும் வேர்டிலும் 2705 என்று தட்டி ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் அதே பலன்.

செவிவழி:
நான் திரைவாசிப்பான் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறவன். எனக்கு விசைநேசன் சொல்லும் வழிதான் கைகொடுக்கிறது. பலகையில் அம்பு விசையால் நகரும்போது என்விடிஏ என்ற என் திரைவாசிப்பான் ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும், எதை இடுகிறேன் என்று தெரிந்தே இடுகிறேன். நகலெடுக்கும் இணையதளங்களில் பல, விளம்பரங்களுக்கு நடுவே என்னைச் சுற்ற வைக்கின்றன.

செல்வி சொன்ன மொழிச் சிக்கல் என்னையும் வாட்டுகிறது. யூனிகோடு கூட்டமைப்பின் சிஎல்டிஆர் என்ற பன்மொழித் தரவுத் தொகுப்பில் எமோஜிகளுக்குத் தமிழ்ப் பெயர்களும் தேடுசொற்களும் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் தட்டினால் தமிழிலேயே தேடித் தருவதற்கு அடித்தளம் தயார். அதை ஒவ்வொரு தேடல் பெட்டியிலும் கொண்டுவரும்படி நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டும். அதுவரை சுருக்கம் வைத்துச் சமாளிப்பதில் தவறில்லை.

மாடிவீடு, ஒரு வேண்டுகோள். ஒரே குறியை வரிசையாகப் பத்து முறை போடாதீர்கள். அத்தனையையும் கேட்டு முடித்த பிறகுதான் தண்ணீர் எப்போது வரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

மாடிவீடு:
செவிவழி, இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், வரியின் கடைசியில். கரும்பலகை டீச்சர் சொன்னபடி ஐந்து குறிகளைக் குத்தி வைத்துப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது. செல்வி, உங்கள் சமக்குறி வழியும் பிடித்திருக்கிறது. ஆனால் சங்க அலுவலகத்தில் ஒரே கணினியை மூன்று பேர் பயன்படுத்துகிறோம். என் சுருக்கம் அவர்கள் எழுத்தில் புகுந்து குழப்பாதா?

அச்சுக்கூடச் செல்வி:
ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கின் தொடக்கக் கோப்புறையில் மட்டும் அந்தக் கோப்பைப் போடுங்கள். ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டீச்சர் வழியே நல்லது.

விசைநேசன்:
ஒரே கணக்கு என்றால் குத்தி வைத்ததையும் மற்றவர் எடுத்துவிடலாம், செல்வி. புள்ளி விசையை யாராலும் எடுக்க முடியாது.